எல்லை மாறினால் வேலையும் மாறும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊராட்சியைக் காரைக்குடி மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். இனி நூறு நாள் வேலை கிடையாது என்கிறார்கள். ஊர் உயர்ந்தால் வேலை ஏன் போகவேண்டும்?
— ஒரு வாசகி, சங்கராபுரம்

பதில்: சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நூறு நாள் வேலையைத் தந்த 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊராட்சிப் பகுதிகளுக்கென்றே இயற்றப்பட்டது. 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதற்கட்டமாக அது நடைமுறைக்கு வந்த ஆறு மாவட்டங்களுள் சிவகங்கையும் ஒன்று. மழையை நம்பிய வானம் பார்த்த பூமி என்பதும், பிழைப்புக்கு வெளியூர் போகிறவர்கள் மிகுந்த மாவட்டம் என்பதும் அதற்குப் போதுமான காரணங்கள். 2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சி ஆனதை ஒட்டி, கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் அதன் எல்லைக்குள் வந்தன. பேரூராட்சிக்காரர்களுக்கு இந்த வேலை முன்பும் இல்லை; ஆகவே இழப்பு முழுவதும் ஊராட்சிக்காரர்களுக்குத்தான்.

இழப்பின் அளவைப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த ஊதியம் நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுமையாகக் கிடைப்பது அரிது என்றாலும், கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 33,600 ரூபாய். ஊருணிக் கரையில் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை பணித்தளப் பொறுப்பாளர் கைப்பேசியில் எடுக்கும் வருகைப் படத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் வயதானவர்கள் பலர். சூப்பர் மார்க்கெட்டோ ஜவுளிக்கடையோ இவர்களை வேலைக்கு எடுக்காது. கூடவே, ஊரகக் குடிசைகளுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தின் வரம்பிலிருந்தும் அவர்கள் வெளியேறுகிறார்கள். மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாய்க்கு ஊரகம், நகரம் என்ற வேறுபாடு இல்லை, அது தொடரும்.

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலையைப் பேசுகிறது. ஆனால் அதுவும் ஊரகத்துக்கே உரியது. செலவில் 40 விழுக்காட்டை மாநிலம் ஏற்க வேண்டும் என்பதும், விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்பதும் அதில் உள்ள மாற்றங்கள். நகரத்துக்கென மாநில அரசு 2022இல் ஒரு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. புதிதாக மாநகராட்சிக்குள் வந்த ஊர்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து. எல்லை வரையும் அரசாணையோடு ஓர் இடைக்கால வேலை ஏற்பாட்டையும் இணைத்து வெளியிடுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பதிக்கவும், பழைய வீடு புதுப்பிக்கவும்கூட வடமாநிலத்தவர்கள் வந்துவிட்டார்கள். நம் ரேஷன் அரிசியையும் அவர்கள் வாங்குகிறார்களாமே?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வாங்கலாம், ஆனால் உங்கள் பங்கை அல்ல. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தம் ஊரில் அட்டை வைத்திருப்பவர், ஒன்றிய அரசு தமக்கு ஒதுக்கிய தானியத்தை இங்கே விரல் ரேகை வைத்துப் பெறுகிறார். 2011 முதல் அரிசி அட்டைதாரர்களுக்குத் தமிழ்நாடு விலையில்லாமல் தருவது தனிக் கணக்கு. பர்மாவிலும் மலாயாவிலும் கடை விரித்துப் பிழைத்த செட்டிநாட்டு மண்ணிலிருந்து இப்படி ஒரு கேள்வி வருவது சற்று வியப்பாகத்தான் இருக்கிறது.

கேள்வி: அரிமளம், திருமயம் பக்கம் தைலமர (யூகலிப்டஸ்) காடுகளால் கண்மாய்க்குத் தண்ணீர் வருவதில்லை. இளைஞர்கள் ஊரைவிட்டுப் போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— ஒரு விவசாயி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உண்டு. இதைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதால்தான் தீர்வு தள்ளிப்போகிறது. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம், காகித ஆலைகளுக்கான கூழ்மரத் தேவையை முன்னிட்டு இம்மாவட்டத்தில் தைலமரத்தைப் பரவலாக நட்டது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் தழைக்கும் மரம் என்பதால், ஒருமுறை நட்டால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருமானம் வரும். இயற்கைக் காட்டில் பெய்த மழை சரிந்து வரத்துக் கால்வாயில் இறங்கி, ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். தைலமரத் தோட்டத்திலோ மர வரிசைகளுக்கு நடுவே வரப்பு எழுப்பியும் வாய்க்கால் வெட்டியும் மழைநீரை அங்கேயே தேக்குகிறார்கள். மரத்துக்கு அது நல்லது. கீழே இருக்கும் கண்மாய்க்கு அது வறட்சி. மரம் உறிஞ்சும் நீரைப் பற்றியே பேசுகிறோம்; வரப்பு மறிக்கும் நீரைப் பற்றியும் அதே அழுத்தத்தோடு கேட்க வேண்டும், ஏனெனில் மரத்தை வெட்டுவதற்கு ஆகும் காலமும் செலவும் வரப்பை உடைத்துவிடுவதற்கு ஆகாது.

ஒரே மழைக்கு இங்கே பல துறைகள் பொறுப்பு. தோட்டம் வனத்துறையின்கீழ் வருகிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடமும் அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. கண்மாயைத் தூர்வார ஒரு துறை பணம் செலவழிக்கும். அதற்கு வரும் தண்ணீரை இன்னொரு துறையின் வரப்பு தடுக்கும். கண்மாய் இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெருகாவிட்டால் முதலில் நின்றுபோவது நடவு வேலை. அதையடுத்து ஆட்டுக்குப் பசும்புல். பிறகு வீட்டு ஆண்பிள்ளை திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறான். தரிசான நிலத்தில் சீமைக் கருவேலம் ஏறுகிறது. அயல் களைத் தாவரங்களை அகற்ற 2022இல் மாநிலம் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது, பாராட்டத்தக்கது. ஆனால் வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குள் வேறு பயிரோ நாட்டு மரமோ வராவிட்டால் கருவேலம் திரும்பிவிடும் என்பது செட்டிநாட்டில் விறகு வெட்டுகிற எவருக்கும் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியது: பொத்தாம் பொதுவாகத் 'தைலமரத்தை அகற்றுக' என்று மனுக் கொடுப்பதைவிட, உங்கள் கண்மாயின் வரத்துக் கால்வாய் எந்தப் புல எண்ணில் மறிபட்டிருக்கிறது என்பதை வருவாய்த்துறை வரைபடத்தில் குறித்து, மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் நாளில் மூன்று தரப்பையும் வைத்துக் கேளுங்கள். குறிப்பிட்ட இடத்தைக் காட்டினால் 'ஆவன செய்யப்படும்' என்று சொல்லித் தப்புவது கடினம்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புத் தேறவில்லை. சுற்றுலா விசாவில் மலேசியா போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
— ஒரு தாய், தேவகோட்டை

பதில்: நம்ப வேண்டாம், அம்மா. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காகச் செல்லும்போது முன் அனுமதி பெறவேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் உண்டு. அனுமதியோடு போகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். சுற்றுலா விசாவில் போனால் அந்தக் காப்பீடும் இல்லை, சம்பளம் தராத முதலாளிமேல் புகார் சொல்லும் துணிவும் இருக்காது. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். 1978 முதல் மாநில அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. பணம் கட்டுமுன் அங்கும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.