சுவரோவியம் ஏன் சாய்கிறது?

கேள்வி: சென்னை கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவரோவியங்களை மொபைலில் எடுத்தால், மேல்பக்கம் குறுகிச் சாய்ந்து விழுகிறதே?
— வாசகர், அடையாறு

பதில்: மொபைலை அண்ணாந்து பிடிப்பதுதான் காரணம். 0.5 என்று காட்டும் அகலக்கோண லென்ஸ் கோணலை இன்னும் கூட்டிக் காட்டும். எதிர்ச்சாரி வரை பின்னால் போய், 2 மடங்கு ஜூமில், மொபைலைச் சுவருக்கு இணையாக நிமிர்த்திப் பிடியுங்கள். எதிர் பிளாக்கின் முதல் மாடிப் படிக்கட்டில் நிற்க அனுமதி கிடைத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. மிச்சக் கோணலை எடிட்டிங்கில் நிமிர்த்தலாம். ஓரம் வெட்டுப்படும், சுற்றிலும் இடம் விட்டே எடுங்கள். உச்சிவெயிலில் சன்ஷேடு நிழல் ஓவியத்தின் குறுக்கே கறுப்புப் பட்டையாக விழும். மேகமூட்டமே உத்தமம். கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்லாதீர்கள், அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. கீழ்மூலையில் ஓவியர் கையெழுத்து இருந்தால் தனியே ஒரு படம் எடுங்கள். பகிரும்போது பெயர் போட உதவும்.