சிந்தாமணியில் கதிரறுப்பு

அன்புள்ள ஐயா,

மதுரைக்கு மூன்று முறை வந்திருக்கிறேன், மூன்றும் சித்திரைத் திருவிழாவுக்கு. கல்யாணம், தேர், ஆற்றில் இறங்குவது எல்லாமே சாமிகளின் கதை. பொங்கலை விட்டால், விவசாயிக்கென்று அங்கே கோயில் விழா ஏதும் இல்லையா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது. ஒருமுறை தை மாதம் வாருங்கள். தெப்பத் திருவிழாவுக்கு முந்தின நாள் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலை விட்டுக் கிளம்பி மதுரையிலேயே இருக்கும் சிந்தாமணி என்ற பகுதிக்குப் போகிறார்கள். எதற்கு? கதிர் அறுக்க. அங்கே அதற்கென்றே ஒரு மண்டபம் உண்டு. சாமி முன்னால் நெற்கதிர் அறுப்பு நடக்கும். கதிரறுப்புத் திருவிழா என்றே பெயர். வயல்வேலையின் பெயரை அப்படியே சாமியின் விழாவுக்கு வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

மறுநாள் தைப் பௌர்ணமி, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. கரையில் நின்று மக்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் காலையில் இரண்டு சுற்று, மாலையில் ஒரு சுற்று வரும். ஊரே அங்கேதான் திரளும். ஆனால் முதல் நாளையும் சேர்த்துப் பார்த்தால்தான் எனக்கு இந்த விழா முழுசாகிறது. குளத்தை நிறைப்பது வைகைத் தண்ணீர், நெல்லை விளைவித்ததும் அதுதானே.

அறுப்புக்கு மட்டுமில்லை, விதைப்புக்கும் விழா உண்டு. ஆடியில் மீனாட்சி அம்மனுக்கு முளைக்கொட்டு விழா. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற அதே மாதம். முளைப்பாரி வளர்க்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், முளை செழித்து வந்தால் வெள்ளாமையும் செழிக்கும் என்பார்கள்.

அப்புறம், சித்திரையிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருந்தது. அழகர் என்ன பட்டு உடுத்தி வருகிறார் என்று கரையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்திருப்பார்களே? பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. அது சம்சாரியின், அதாவது விவசாயியின், கவலைதான்.

சிந்தாமணியைச் சுற்றி இப்போது வீடுகள் பெருகிவிட்டன. வயல் சுருங்கச் சுருங்க எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அடுத்த தையில் தெப்பத்துக்கு ஒருநாள் முன்பே வந்துவிடுங்கள். சாமி காலையிலேயே புறப்பட்டுவிடும், பின்னாலேயே நடந்து போகலாம்.