நிலத்தை வித்துத்தான் படிக்க வைக்கணுமா? – கேள்வி பதில்

வங்கியில் கல்விக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் குடந்தை (கும்பகோணம்) உறுப்பினர், பிளஸ் டூ முடிவு நேரத்தில் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான் சார். கோயம்புத்தூர்ல ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட் இருக்குன்னு ஏஜென்ட் அலையுறாரு. மூணு மா நிலத்தை வித்துடலாமா?

பதில்: பத்திரத்தை எடுத்து பீரோவுல வையுங்க ஐயா. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, 2021லேர்ந்து இன்ஜினியரிங்கிலும் உண்டு. அரசு நடத்துற கலந்தாய்வு வழியா அதுல இடம் கிடைச்சா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூணும் அரசு கட்டும். மேனேஜ்மென்ட் சீட்ல சேர்ந்தா இது போச்சு, குடும்பத்துல முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் போச்சு. ஏஜென்ட் இதை வாயே திறக்க மாட்டார், கலந்தாய்வுல அவருக்குக் கமிஷன் ஏது? உங்களுக்குப் பக்கத்துல திருக்குவளையிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தோட உறுப்புக் கல்லூரி இருக்கு. செங்கிப்பட்டியில அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கு. முதல்ல கலந்தாய்வுக்குப் பதியுங்க.

கேள்வி (பாபநாசம்): பொண்ணுக்குக் கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில பி.எஸ்சி. கிடைக்கும்போல. கவர்ன்மென்ட் காலேஜுக்கு மதிப்பில்லைங்கிறாரு என் அண்ணன்.

பதில்: குடந்தை அரசு ஆடவர் கல்லூரி 1854ல ஆரம்பிச்சது. கணித மேதை ராமானுஜன் அங்கே படிச்சு, கணக்கைத் தவிர மத்த பாடங்கள்ல கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். கல்லூரிப் பேரைப் பார்த்து யாரையும் எடை போட முடியாதும்மா. பொண்ணு அரசுப் பள்ளியில படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும். டவுன் பஸ்ல டிக்கெட்டும் கிடையாது. அண்ணன்கிட்ட சொல்லிட்டுச் சேர்த்துடுங்க.

கேள்வி (மன்னார்குடி): கல்விக் கடன் வாங்கினா படிச்சு முடிக்கிற வரைக்கும் வட்டி ஓடாதுதானே அண்ணே?

பதில்: ஓடும். படிக்கிற காலத்துல தவணை கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் சும்மா விடுவாங்க, வட்டி தன்பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷம் ஒரு லட்சமா நாலு லட்சம், பத்து சதவீதத் தனிவட்டின்னு வையுங்க. தவணை தொடங்குற அன்னிக்கு வட்டி மட்டும் 1,40,000. அப்போ கடன் 5,40,000 ஆயிடும். அதைப் பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் ஏழாயிரத்துக்கு மேல வருது. சென்னையில பதினஞ்சாயிரம் சம்பளத்துக்குச் சேர்ந்து ரூம் வாடகையும் கொடுக்கிற பையன் எங்கேர்ந்து கட்டுவான்? நான் சொல்ற வழி இதுதான்: சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துல நெல் போட்ட பணம் வந்ததும் அந்த வருஷ வட்டியை மட்டும் கட்டிடுங்க. முதல் வருஷம் பத்தாயிரம்தான். ஒவ்வொரு வருஷமும் இப்படிச் செஞ்சா நாலு லட்சம் நாலு லட்சமாவே நிக்கும்.

நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. வங்கி கேட்டா, அதை எழுத்துல தரச் சொல்லுங்க.

கேள்வி (நீடாமங்கலம்): பத்தாவது முடிச்ச பையன் ஐ.டி.ஐ. போறேங்கிறான். நாலு பேர் என்ன சொல்லுவாங்க?

பதில்: அந்த நாலு பேர்ல ஒருத்தர் வீட்டு போர்செட் மோட்டார் எரிஞ்சா உங்க பையனைத்தான் தேடி வருவார். அரசு ஐ.டி.ஐ.யில பயிற்சிக் கட்டணம் இல்லை, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை வேற. பிட்டர், எலக்ட்ரீஷியன் ரெண்டும் ரெண்டு வருஷம். அப்புறம் திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனைன்னு அப்ரண்டிஸ் முயற்சி பண்ணலாம். மேல படிக்கணும்னா பாலிடெக்னிக்ல நேரடி இரண்டாமாண்டு, அதுக்கப்புறம் பி.இ.யிலும் நேரடி இரண்டாமாண்டு. பிளஸ் டூ வழியாப் போறவனை விட ஒரு வருஷம்தான் கூடுதல். ஆனா பி.இ. போகும்போது கணக்குப் பாடம் கழுத்தைப் பிடிக்கும், இப்பவே விடாம பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி (வேதாரண்யம்): கடையில வேலை பார்த்துக்கிட்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பி.ஏ. படிச்சா குரூப் 2 எழுதலாமா?

பதில்: பத்தாவது, பிளஸ் டூ முடிச்சிட்டுப் படிச்சா எழுதலாம் தம்பி. குரூப் 4க்குப் பத்தாவதே போதும், பட்டத்துக்குக் காத்திருக்காம இந்த வருஷமே எழுதிப் பாருங்க.