மத்தியானத்துக்கு மேல் என் சாஃப்ட்வேர் விண்டோ கறுத்துப்போகிறது, கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிவிடலாமா?

கேள்வி: சி++ல், வின்32 (விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்கள்) வைத்து ஒரு டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறேன். காலையில் நன்றாக ஓடுகிறது. நாலைந்து மணி நேரம் போனால் பட்டன்கள் பாதிதான் தெரிகின்றன, சில இடங்களில் கறுப்புக் கட்டம். மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. இன்னொன்று, நான் வரையும் கோடுகள் மினிமைஸ் செய்து திறந்தால் காணாமல் போகின்றன. டிரைவர் அப்டேட் செய்து பார்த்துவிட்டேன். புது கார்டு போடலாமா?

பதில்:

போடாதீர்கள். ஒருத்தரை அப்படி வாங்க வைத்த பாவம் என் கணக்கில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

நீங்கள் தனியாக எழுதுகிறீர்கள், புரோகிராமைப் பார்த்துச் சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை, வாங்கினவர் தினமும் போன் போடுகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். 2014ல் என் நிலைமை அதுதான். நாமக்கல் பக்கம் ஒரு எடைமேடைக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். லாரி மேடையில் ஏறும், எடை காட்டும் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வரும், திரையில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும், சீட்டு அச்சாக வேண்டும். அவ்வளவுதான் வேலை. எடை ஆடிக்கொண்டிருக்கும்வரை ஓரத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு அரை நொடிக்கு ஒருமுறை மின்னும், எடை நின்றதும் பச்சையாகும். அந்த விளக்கு நானாக ஆசைப்பட்டு வைத்தது. யாரும் கேட்கவில்லை.

மக்காச்சோள சீசன் வந்தது. மேடைக்காரர் போன் செய்தார். "தம்பி, மத்தியானமானா உங்க டப்பா கண்ணை மூடிக்குதுப்பா. பட்டனெல்லாம் காணாமப் போகுது." நான் வீட்டிலிருந்தபடியே, "டிரைவர் பிரச்சினையா இருக்கும் ஐயா" என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் அது கௌரவமான பதில். அவர் ஹார்டுவேர் பையனைக் கூப்பிட்டார். அவன் டிரைவர் மாற்றினான், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்றினான், எர்த் சரியில்லை என்றான், கடைசியில் 3,400 ரூபாய்க்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு செருகினான். மறுநாள் மத்தியானம் மறுபடி பட்டனைக் காணோம்.

நேரில் போனேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். வெயில், மின்சாரம், வைரஸ் என்று சந்தேகப்படாத ஒன்று பாக்கியில்லை. கண்டுபிடித்தது நான் இல்லை, அங்கே சீட்டு போடும் அக்கா. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் ஒவ்வொரு நாளும் எத்தனையாவது சீட்டில் திரை கெட்டது என்று எழுதி வைத்திருந்தார். 121. 123. 122. "தம்பி, மணியைப் பாக்காதீங்க, சீட்டு நம்பரைப் பாருங்க" என்றார். ஒரே ஒரு நாள் மட்டும் 97. ஏன் என்று கேட்டேன். அன்றைக்கு ஒரு லாரி மேடை மேலேயே கிளட்ச் போய் நின்றுவிட்டதாம். இன்ஜினை அணைக்காமல் கால் மணி நேரத்துக்கு மேல் முக்கிக்கொண்டிருந்தார்களாம்.

அந்த நொடி வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. இன்ஜின் ஓடினால் மேடை அதிரும். அதிர்ந்தால் எடை ஆடும். எடை ஆடினால் என் விளக்கு மின்னும்.

விண்டோஸில் திரையில் வரையும் பகுதிக்கு ஜிடிஐ என்று பெயர். பேனா, பிரஷ், ஃபாண்ட், பிட்மேப் (படம்), டிசி (எதன் மேல் வரைகிறோமோ அந்தப் பலகை மாதிரி) என்று நீங்கள் உருவாக்கும் ஒவ்வொன்றும் ஒரு ஜிடிஐ ஆப்ஜெக்ட். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாஃப்ட்வேருக்கு 10,000 வரைதான் கொடுப்பார்கள், அதுதான் வழக்கமான உச்சவரம்பு. தாண்டினால் எர்ரர் பெட்டியெல்லாம் வராது. உருவாக்கும் ஃபங்ஷன் சத்தமில்லாமல் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். அதை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. அதன்பிறகு பட்டன் தன்னை வரைந்துகொள்ள ஒரு பிரஷ் கேட்டாலும் கிடைக்காது. கறுப்புக் கட்டம், பாதி பட்டன், எழுத்தில்லாத மெனு எல்லாம் அதனால்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாரி ஏறி நிலைக்க 20 நொடி, இறங்க 20 நொடி. நொடிக்கு இரண்டு மின்னல் என்றால் 80 முறை விளக்கு வரையப்படும். சாஃப்ட்வேர் சும்மா நிற்கும்போதே 200 ஆப்ஜெக்ட் பக்கம் வைத்திருந்தது. மீதி 9,800ஐ 80ஆல் வகுத்தால் 122. அக்காவின் காலண்டர் தாள்! 97 வந்த நாளில் குறைந்த 25 சீட்டுக்கு 2,000 மின்னல், அதாவது 1,000 நொடி, கிட்டத்தட்ட 17 நிமிடம். கிளட்ச் போன லாரி.

அப்புறம் புரோகிராமைத் திறந்தால், உருவாக்கியதை அழிக்கும் வரியும் போட்டுத்தான் இருந்தேன். அதுதான் கொடுமை. விளக்கு படபடவென்று ஃபிளிக்கர் ஆகிறது என்று அதற்கு டபுள் பஃபரிங் (மெமரியில் வரைந்து முடித்து மொத்தமாகத் திரைக்கு அனுப்புவது) போட்டிருந்தேன் (அதற்கு முந்தைய வாரம்தான் அதைக் கற்றிருந்தேன், எதிலெல்லாம் போடலாம் என்று கை துறுதுறுத்தது). மெமரியில் ஒரு டிசி, 24க்கு 24 பிக்சலில் ஒரு பிட்மேப், செலக்ட்ஆப்ஜெக்ட் போட்டு அதை டிசிக்குள் வைத்து, வட்டம் வரைந்து, பிட்பிளிட்டில் திரைக்குத் தள்ளி, கடைசியில் பிட்மேப்புக்கு டெலீட்ஆப்ஜெக்ட், டிசிக்கு டெலீட்டிசி. இரண்டு வரியும் ஒழுங்காக இருக்கின்றன. வரிசைதான் தப்பு. டிசிக்குள் செலக்ட் ஆகி உட்கார்ந்திருக்கும் பிட்மேப்பை டெலீட்ஆப்ஜெக்ட் அழிக்காது, முடியவில்லை என்று பூஜ்யத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விடும். அதற்கு முன்னால், செலக்ட்ஆப்ஜெக்ட் முதல் தடவை திருப்பித் தந்த பழைய பிட்மேப்பை டிசிக்குத் திரும்பக் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லை. அழிக்கும் வரி கண்ணுக்கு எதிரே இருந்ததால் நாலு தடவை படித்தும் தாண்டிப் போயிருக்கிறேன்.

டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அந்தச் சின்ன பிட்மேப் ஒன்று 2 கேபி சொச்சம்தான், பத்தாயிரமும் சேர்ந்தால்கூட 23 எம்பிதான். மெமரியை மட்டும் பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய், காலம் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸைச் சேருங்கள். யூசர் ஆப்ஜெக்ட்ஸையும் (விண்டோ, மெனு போன்றவை) சேருங்கள், அதற்கும் இதேபோல் 10,000 வரம்பு உண்டு. பிறகு உங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்திக்கொண்டே அந்த எண்ணைப் பாருங்கள். ஏறி இறங்கினால் பயமில்லை. ஏறிக்கொண்டே போனால் பிடித்துவிட்டீர்கள். எந்தப் பட்டனை அழுத்தும்போது, எந்த விண்டோவைத் திறந்து மூடும்போது ஏறுகிறது என்று பார்த்தால் புரோகிராமில் இடமும் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் இடத்தில் உட்கார முடியாவிட்டால் கெட்ஜியுஐரிசோர்சஸ் என்ற ஃபங்ஷன் இதே எண்ணைத் தரும். நான் இப்போதெல்லாம் டைட்டில் பாரின் ஓரத்தில் அதைக் காட்டி வைத்துவிடுகிறேன். போனில், "மேலே என்ன நம்பர் இருக்குங்க" என்று கேட்டால் போதும்.

கார்டா, புரோகிராமா என்று சந்தேகம் இன்னும் இருந்தால், கெட்டுப்போன நேரத்தில் பக்கத்தில் நோட்பேடைத் திறங்கள். அது நன்றாக இருந்து உங்களுடையது மட்டும் கறுத்திருந்தால் கார்டு பாவம். ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் பாருங்கள். படத்திலும் அந்தக் கறுப்பு இருந்தால் மானிட்டரையும் கேபிளையும் விட்டுவிடலாம்.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) அந்த ஜிடிஐ வரம்பை 65,536 வரை ஏற்றலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். ஏற்றலாம். எனக்கு 122ஆவது சீட்டு 800ஆவது சீட்டாகியிருக்கும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை, யாருக்கும் எந்தக் கணக்கும் பிடிபடாமல் கெட்டிருக்கும்.

"இந்தக் காலத்தில் வின்32 யார் எழுதுகிறார்கள், சி ஷார்ப்புக்குப் போ" என்று சொல்லப் போகிறவர்களுக்கு: அந்த மெஷினில் 2 ஜிபி ரேம். தவிர, சி ஷார்ப்பிலும் பிட்மேப்பிலிருந்து கெட்ஹெச்பிட்மேப் வழியாக ஒரு ஜிடிஐ பிட்மேப் வாங்கிவிட்டு டெலீட்ஆப்ஜெக்ட் போடாதவர்கள் இதே குழியில்தான் விழுகிறார்கள். அங்கே சாதாரண பென், பிரஷ் எல்லாம் ஜிடிஐ பிளஸ் என்ற வேறு வகை, அவை பெரும்பாலும் இந்த எண்ணில் வராது என்பதும் எனக்குத் தெரியும். வேலை முடிந்ததும் தானாக அழிக்கும் ஸ்மார்ட் பாயின்டர் மாதிரி ஒரு கிளாஸில் சுற்றி வைத்திருந்தால் தப்பித்திருப்பாய் என்றால், சரி, ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்வி, மினிமைஸ் செய்தால் கோடு மறைவது. இதற்கு நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், நாம் படித்த லேபைத்தான் சொல்வேன். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் லேப் என்று 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ஐ வைத்து, நீலத் திரையில், கிராஃபிக்ஸைத் தொடங்கும் இனிட்கிராஃப் போட்டு, வட்டம் வரைந்து, கார் ஓட்டிக் காட்டினோம். அங்கே ஒரு வட்டம் வரைந்தால் நீங்களாக அழிக்கும்வரை அது திரையிலேயே இருக்கும். திரை முழுக்க நம்முடையது. ரெக்கார்டு நோட்டில் இடது பக்க வெள்ளைத் தாளில் அவுட்புட்டைப் பென்சிலால் வரைய வேண்டும். கம்ப்யூட்டர் வரைந்த காரைக் கையால் திரும்ப வரைந்தோம்! என் கார் சக்கரம் வட்டமாக இல்லை என்று கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்கள், இன்டர்னலில் மதிப்பெண் குறைந்தது. வாத்தியாரைத் திட்டி என்ன, அவருக்குக் கொடுத்த சிலபஸ் அது. ஆனால் விண்டோ என்பது எப்படித் தன்னை வரைந்துகொள்கிறது என்று நாலு வருஷத்தில் ஒரு வகுப்புகூட நடக்கவில்லை.

நீங்கள் வரைந்ததை விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்ளாது. தேவைப்படும்போது "மறுபடி வரை" என்று டபிள்யூஎம்_பெயின்ட் என்ற மெசேஜை அனுப்பும், அப்போது நீங்கள் முழுசாக வரைய வேண்டும். பட்டன் கிளிக்கிலேயே கெட்டிசி ஃபங்ஷனில் டிசி வாங்கி நேரடியாகக் கோடு போட்டிருப்பீர்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் இன்னொரு விண்டோவை மேலே இழுத்தாலே அந்தக் கோடு அழிந்து உடனே குட்டு வெளிப்படும். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒவ்வொரு விண்டோவின் படத்தையும் தனியாக வைத்து ஒன்றுசேர்க்கிறார்கள், அதனால் மினிமைஸ் செய்யும்வரை தப்பு மறைந்திருக்கிறது. கோடுகளின் புள்ளிகளை ஒரு வெக்டரில் (பட்டியலில்) சேர்த்து வையுங்கள், கிளிக்கில், மறுபடி வரையச் சொல்லும் இன்வாலிடேட்ரெக்ட் மட்டும் கூப்பிடுங்கள், வரைவது எல்லாம் பெயின்ட்டுக்குள். பிகின்பெயின்ட்டில் தொடங்கி எண்ட்பெயின்ட்டில் முடியுங்கள். பிகின்பெயின்ட்டை மறந்தால் பெயின்ட் மெசேஜ் ஓயாமல் வந்து சிபியுவைத் தின்னும். வேறு எங்காவது கெட்டிசி இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் ரிலீஸ்டிசி இருக்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள், உங்கள் மத்தியானக் கறுப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மினிமைஸ் என்றதும் இன்னொன்று. மூடும்போது விண்டோ இருந்த இடத்தைச் சேமித்து, அடுத்த முறை அங்கேயே திறப்பதாக எழுதியிருந்தால், மினிமைஸ் ஆன நிலையில் டாஸ்க்பாரிலிருந்து மூடிப் பாருங்கள். விண்டோ இருக்கும் இடத்தைச் சொல்லும் கெட்விண்டோரெக்ட் அப்போது மைனஸ் 32,000 என்று தரும். அடுத்த நாள் விண்டோ அங்கே போய்த் திறக்கும், திரையில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பதில், மினிமைஸ் ஆகாதபோது விண்டோ இருந்த இடத்தைத் தரும் கெட்விண்டோபிளேஸ்மென்ட் பயன்படுத்துங்கள். இதற்கும் நான் பைக்கில் 40 கிலோமீட்டர் போயிருக்கிறேன்.

எடைமேடையில் அன்று சாயங்காலம் அந்த ஒரு வரியைச் சேர்த்து, எக்ஸிஇயை மாற்றினேன். மறுநாள் 180 சீட்டு. மேடைக்காரர் சந்தோஷமாக டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் வேலைக்கு என்ன என்று கேட்டதற்கு, "ஒரு வரிதானே தம்பி போட்டீங்க" என்றார். கார்டுக்கு 3,400 கொடுத்தவர். என் தப்பு என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை. அக்காவுக்கு மட்டும் அடுத்த தடவை போனபோது ஒரு கிலோ அல்வா வாங்கிப் போனேன்.

உங்கள் புரோகிராமின் பெயின்ட் பகுதியைக் கேள்வியில் சேருங்கள், எண் எந்த இடத்தில் ஏறுகிறது என்றும் எழுதுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்க்கிறேன்.