கைரேகை வருகைப்பதிவு ப்ராஜெக்ட்: நூற்றுக்கு நூறு வந்தால் சோதனை போதவில்லை

கேள்வி: பெருந்துறைப் பக்கம் இறுதியாண்டு மின்னணுவியல் படிக்கிறோம், நாலு பேர் குழு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆகிற மாதிரி, கார்டும் கைரேகையும் சேர்ந்த வருகைப்பதிவுக் கருவி செய்திருக்கிறோம். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிச் சில்லு), ஆர்307 கைரேகை சென்சார், ஆர்சி522 கார்டு ரீடர். வகுப்பில் 40 பேரை ஆளுக்கு ஒரு தடவை விரல் வைக்கச் சொன்னோம். எல்லோருக்கும் சரியாக வந்தது, 100 சதவீதத் துல்லியம் என்று எழுதினோம். ரிவ்யூவில் "கருவி சரி, ஆய்வு எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து வாரம் இருக்கிறது. எதைச் சேர்ப்பது?

பதில்: புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். செய்த கருவியை நீங்களே உடைத்துப் பாருங்கள். எந்த இடத்தில், எவ்வளவு நேரத்தில், என்ன செலவில் உடைந்தது என்று அளந்து எழுதுங்கள். ரிவ்யூவில் கேட்ட ஆய்வு அதுதான்.

முதலில் அந்த 100. பல முறை சோதித்தும் ஒரு தவறுகூட வராவிட்டால், உண்மையான தவறு விகிதம் மூன்றைச் சோதனை எண்ணிக்கையால் வகுத்த அளவு வரை இருக்கலாம். இது 95 சதவீத நம்பகத்துக்கான புள்ளியியல் விதி. நீங்கள் சோதித்தது 40 முறை. 3/40 என்றால் 7.5 சதவீதம். 200 பேர் வேலை செய்யும் யூனிட்டில் தினமும் காலையில் 15 பேர் வரை வாசலிலேயே நிற்கலாம் என்று அர்த்தம். தவறு 1 சதவீதத்துக்குள் என்று சொல்ல, பிசகே இல்லாமல் 300 முயற்சி வேண்டும். அதுவும் ஒரே ஆள் முப்பது தடவை வைத்தால் கணக்கில் வராது, ஆட்கள் வேறு வேறாக இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, சோதித்ததெல்லாம் மாணவர்களின் விரல். ஆர்307 ஒளியில் படமெடுக்கும் சென்சார். ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடும் இடம் கறுப்பாகவும் பள்ளம் வெளுப்பாகவும் விழும். சாயப்பட்டறையில் காஸ்டிக்கிலும் பெராக்சைடிலும் புழங்கிய விரலில் மேடு தேய்ந்திருக்கும், வரி விட்டு விட்டு வரும். வியர்த்த விரலில் பள்ளமும் நிரம்பிப் படம் திட்டாகிவிடும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வைத்தால் கண்ணாடி மேலேயே தூள் படியும். டெய்லர், சாயப்பட்டறைக்காரர், சுமை தூக்குபவர் என்று தொழில்வாரியாக ஆள் சேருங்கள். ஒரு நாள் பதிவு செய்து, ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள். பதிவு செய்த கையோடு சோதித்தால் எந்தச் சென்சாரும் நன்றாகத்தான் தெரியும்.

துல்லியம் என்று ஒரே எண் கொடுக்காதீர்கள். பதிவே ஆகாதவர் எத்தனை பேர், சொந்த விரலே மறுக்கப்பட்டது எத்தனை முறை, அடுத்தவர் விரல் ஏற்கப்பட்டது எத்தனை முறை என்று மூன்றாகப் பிரியுங்கள். ஆர்307-ல் பாதுகாப்பு நிலை 1 முதல் 5 வரை உண்டு. ஐந்திலும் அதே ஆட்களை வைத்து அளந்தால், நிலை ஏற ஏறத் தவறாக ஏற்பது குறைந்து தவறாக மறுப்பது கூடுவது வரைபடத்தில் தெரியும்.

கார்டு இருக்கும்போது விரலை மொத்தப் பட்டியலிலும் தேடவிடாதீர்கள். ஓர் ஒப்பீட்டில் தவறாக ஏற்கும் வாய்ப்பு 0.001 சதவீதம் என்று வைத்தாலும், 200 பேரோடு ஒப்பிட்டால் 0.2 சதவீதம் ஆகிவிடும். கார்டு சொல்லும் ஆளின் பக்க எண்ணை (சென்சார் நினைவகத்தில் அவர் ரேகை இருக்கும் இடத்தின் எண்) தொடக்கமாகக் கொடுத்து, தேடல் கட்டளையில் பக்க எண்ணிக்கையை 1 ஆக்குங்கள்.

இனி உடைப்பது. கார்டில் தொடங்குங்கள், சுலபமாக உடைவது அதுதான். ஆர்சி522 கிட்டோடு வரும் கார்டு பெரும்பாலும் மைஃபேர் கிளாசிக் 1கே. மாதிரி நிரல்கள் கார்டின் அடையாள எண்ணை மட்டும்தான் பார்க்கின்றன. அந்த எண்ணை எந்த ரீடர் கேட்டாலும், சாவி கேட்காமலேயே கார்டு சொல்லிவிடும். எண்ணை மாற்றி எழுதக்கூடிய வெற்றுக் கார்டு கடையில் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி உங்கள் கார்டையே நகலெடுத்து, ஆன நேரத்தைக் குறியுங்கள். உள் பகுதிகளைப் பூட்டும் கிரிப்டோ-1 முறையும் 2008-லேயே உடைந்துவிட்டதால் அதை நம்பவும் வழியில்லை. மாற்று வேண்டுமென்றால் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை உள்ள டெஸ்ஃபயர் வகைக் கார்டு. ரீடர் ஒவ்வொரு முறையும் புது எண் ஒன்றை அனுப்ப, கார்டு தன் இரகசியச் சாவியால் அதற்குப் பதில் செய்து அனுப்பும். பழைய பதிலைப் பதிவு செய்து வைத்திருந்தாலும் பயன்படாது.

அடுத்தது சென்சார் ஒயர். ஆர்307 நொடிக்கு 57,600 பிட் வேகத்தில் பேசும், மறையாக்கம் கிடையாது. "ஆள் கிடைத்தார்" என்ற பதிலில் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு மட்டும்தான் உண்டு. அது ஒயர் இரைச்சலைப் பிடிக்கும், மோசடியைப் பிடிக்காது. சென்சாரைக் கழற்றிவிட்டு, அதே பதிலை அனுப்பும் ஆர்டுயினோ ஒன்றை மாட்டுங்கள். வருகை பதிவானால் அதுவே ஒரு நல்ல முடிவு. ஒயர் வெளியே தெரியாமல், போர்டும் சென்சாரும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும், பெட்டி திறந்தால் தெரிய ஒரு சுவிட்சும் வேண்டும்.

ஈஎஸ்பி32-ன் ஃபிளாஷ் நினைவகத்தை யுஎஸ்பி வழியாகவே படித்து எடுக்கலாம். எடுத்த கோப்பில் வைஃபை பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாகத் தெரியும். ஃபிளாஷ் மறையாக்கம் இதைத் தடுக்கும், ஆனால் அதற்காகச் சிப்புக்குள் இருக்கும் ஃப்யூஸ் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய பிட்) எரிந்தால் திரும்பாது. உபரியாக இரண்டு போர்டு வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒரு பிழை, "கைரேகையை எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் செய்து சேமித்தோம்" என்பது. ஹாஷ் என்பது தரவைத் திருப்பி எடுக்க முடியாத குறு எண்ணாக மாற்றுவது. கைரேகைக்கு அது நடக்காத காரியம். ஒரே விரல் ஒவ்வொரு தடவையும் சற்று வேறாக விழும், ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். கைரேகைக்கு மறையாக்கம், பாஸ்வேர்டுக்கு ஹாஷ். பாஸ்வேர்டு ஹாஷுக்கு ஆர்கான்2ஐடி என்ற முறை போதும், ஆனால் அதைச் சர்வரில் செய்யுங்கள். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் 19 மெகாபைட் நினைவகத்துக்கு, வெறும் 520 கிலோபைட் உள்ள ஈஎஸ்பி32-ல் இடம் இல்லை.

வருகைப் பதிவை யாரும் திருத்தாமல் இருக்க பிளாக்செயின் வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் ஹாஷைச் சேருங்கள். தரவுத்தளம் கையில் இருப்பவர் மொத்தச் சங்கிலியையும் மறுபடி கணக்கிட்டுவிடலாம் என்பதால், கடைசி ஹாஷின் முதல் 16 எழுத்தைச் சனிக்கிழமைச் சம்பளச் சீட்டில் அச்சிட்டுக் கொடுங்கள். தொழிலாளி கையில் சீட்டு இருக்கும்வரை பழைய வாரத்தை ஓசையில்லாமல் மாற்ற முடியாது.

விரல் வாங்கும் முன் எழுத்துமூலச் சம்மதம் வாங்குங்கள், தமிழிலும் இந்தியிலும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. 18 வயது நிரம்பாதவரைச் சேர்க்காதீர்கள், ஆதார் எண்ணை அடையாள எண்ணாக வைக்காதீர்கள். எந்தத் தேதியில் அழிப்போம் என்று சம்மதத் தாளிலேயே எழுதுங்கள். ஆர்307 தன் நினைவகத்திலேயே ரேகைகளை வைத்திருப்பதால், போர்டைத் துடைத்தால் அவை அழியாது. சென்சாருக்குத் தனியாக 'அனைத்தையும் அழி' கட்டளை கொடுத்து, பதிவு எண்ணிக்கை 0 காட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஜூனியர்களிடம் கொடுங்கள்.