பவர் பிரேக் போடுமுன் வேக்கம் பம்ப்

கேள்வி: ஐயா, என்னிடம் 1974 லேண்ட் ரோவர் சீரீஸ் 3 டீசல் இருக்கிறது. ரம்பொடை இறக்கத்தில் பிரேக் மிதித்தே கால் வலிக்கிறது. ஸ்டியரிங்கும் பாரம். பவர் பிரேக், பவர் ஸ்டியரிங் பம்ப் போடலாமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: போடலாம் தம்பி. ஆனால் சர்வோவை (வெற்றிடத்தின் உதவியால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்கில் கிடைக்கும் வெற்றிடம் டீசலில் போதாது. வெற்றிடத்தை உண்டாக்கத் தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். டொயோட்டா பிஜே40 டீசல் ஜீப்பில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே அது இருக்கும்.

பொருத்தியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். அப்புறம் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று கீழே இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது.

சர்வோ காலுக்குத்தான் உதவும், சூடேறிய பிரேக் டிரம்மைக் குளிரவைக்காது. இறக்கத்தில் சின்ன கியரிலேயே வாருங்கள். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி உருட்டுபவர்கள் உண்டு. எஞ்சின் நின்றால் வெற்றிடமும் வராது, சர்வோ போட்ட வண்டியில் ஒன்றிரண்டு மிதியிலேயே உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். தயவுசெய்து அது வேண்டவே வேண்டாம்.

சரி, ஸ்டியரிங். முன்சக்கரங்களை ஜாக்கில் தூக்கித் திருப்பிப் பாருங்கள். அப்போதும் இறுக்கமென்றால் முன் குறுக்குச் சட்டத்துக்குள் இருக்கும் ஸ்டியரிங் ரிலேயில் (திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) எண்ணெய் வற்றியிருக்கலாம். அதைப் பார்த்த பிறகு பவர் ஸ்டியரிங் பம்ப்புக்குக் காசு செலவழியுங்கள்.