மெதுவாக ஓடியதையும் பகிருங்கள்

ஓட்டம்: வாசகர் கேள்வி – பதில்

பந்தயம், மெடல், ஷூ விலை எல்லாம் இந்த முறை வேண்டாம், தினசரிக் காலை ஓட்டத்தைப் பற்றியும் அதை மற்றவர்களோடு பகிர்வதைப் பற்றியும் மட்டும் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். நிறைய கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை வேண்டுமென்றேதான் போடவில்லை.

எங்கள் ரேஸ் கோர்ஸ் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் எல்லோரும் ஸ்ட்ராவா (ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலி) படம் போடுகிறார்கள். ஐந்தரை, ஐந்தே முக்கால் பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நிமிடம்) என்று இருக்கும். எனக்கு வயது 46, கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஆகிறது. போட வெட்கமாக இருக்கிறது, போடாவிட்டால் "என்ன சார், ஓடுறதையே விட்டுட்டீங்களா" என்கிறார்கள். – கோவை வாசகர்

போடுங்கள் சார். எட்டு நிமிடம் என்றே போடுங்கள்.

எட்டு நிமிட பேஸ் என்றால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். இதே வேகத்தில் 42.195 கிலோமீட்டரையும் ஓடினால் ஐந்து மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் முடியும், ஆறு மணி நேரம் கட்-ஆஃப் (ஓடி முடிக்க வேண்டிய கெடு) வைத்திருக்கும் ஃபுல் மாரத்தானில்கூட மெடலோடு வீட்டுக்கு வரலாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எனக்கு உங்களைவிட அந்த ஐந்தரைக்காரர்களைப் பற்றித்தான் கவலை. குழுவில் படம் போட ஆரம்பித்த பிறகு நிறைய பேருக்கு ஈஸி ரன், அதாவது மெதுவான ஓட்டம், என்பதே காணாமல் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் முடித்துவிட்டு, திங்கள் ஓய்வு எடுத்து, செவ்வாய்க்கிழமை காலையில் கால் கனமாக இருக்கும்போது ஆறரை பேஸில் போக வேண்டியவர், படத்தில் ஆறரை என்று வந்தால் நன்றாக இருக்காதே என்று ஐந்தே முக்காலில் இழுத்துக்கொண்டு போகிறார். புதன்கிழமை இன்டர்வல் (விட்டுவிட்டு வேகமாக ஓடுவது) ஓடவேண்டிய நேரத்தில் காலில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகம்: மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகம் அதிகம், வேகமாக ஓட வேண்டிய நாளில் வேகம் போதவில்லை.

கென்யாவின் மாரத்தான் ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு 2:50. அவரே ஈஸி நாட்களில் அதைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் மெதுவாகத்தான் ஓடினார். அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் இல்லாத வேகம் இருந்த மனிதர், அதைத் தினமும் எடுத்துக் காட்டவில்லை. வாரத்தில் ஓடும் ஓட்டத்தில் ஐந்தில் நாலு பங்கு மெதுவாக, ஒரு பங்கு மட்டும் கடினமாக என்பதுதான் நீண்டதூர ஓட்டக்காரர்கள் பலரும் வைத்திருக்கும் கணக்கு. மெதுவாக ஓடும்போதும் இதயமும் தசைகளில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் தேறிக்கொண்டுதான் வரும். தசைநாரும் எலும்பும் மூச்சைவிட மெதுவாகத்தான் பழகும், அதற்கும் அவகாசம் கிடைக்கும்.

மெதுவா இல்லையா என்று பார்க்க வாட்ச்கூட வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரி. தனியாக ஓடினால் ஒரு குறளைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், ஏழு சீரும் நடுவில் மூச்சு வாங்காமல் வரவேண்டும். முதல் நாலு சீரில் நின்றுவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

அப்புறம், படத்தோடு இரண்டு வரி எழுதுங்கள். "மூணு சுற்று, 61 நிமிஷம். ரெண்டாவது சுற்றில் இடது குதிகால் லேசாப் பிடிச்சுது, கடைசி சுற்றில் போயிடுச்சு. ராத்திரி அஞ்சு மணி நேரம்தான் தூக்கம்." இப்படி எழுதினால் மூன்று மாதம் கழித்து குதிகால் வலி நிஜமாகவே வரும்போது எப்போது ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியும். குழுவில் இன்னும் ஒருவர், வாய் திறக்காமல் இருந்தவர், தானும் எட்டு நிமிடம்தான் என்று எழுதுவார். இது நடந்து பார்த்திருக்கிறேன்.

நானும் நண்பரும் சேர்ந்தே ஓடினோம். அவர் வாட்சில் 10.3, என் போனில் 9.8. யாருடையது சரி? – திருச்சி வாசகர்

இரண்டுமே தோராயம்தான். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலை வைத்துச் சில விநாடிக்கு ஒரு முறை புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்துத்தான் தூரம் கணக்காகிறது. அடர்ந்த மரம், மேம்பாலம், உயர்ந்த கட்டடம் என்றால் புள்ளி தள்ளி விழும். சிக்னல் பிடிக்கும் முன்பே ஓட ஆரம்பித்தால் முதல் இருநூறு முந்நூறு மீட்டர் கணக்கில் வராமலே போகலாம், உங்கள் 9.8-க்கு அதுவே காரணமாக இருக்கலாம். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் அளந்து போட்ட தடகள மைதானத்துக்குப் போங்கள். முதல் லேனில் ஒரு சுற்று 400 மீட்டர், 25 சுற்று பத்து கிலோமீட்டர். எட்டாவது லேனில் ஒரு சுற்று 450 மீட்டரைத் தாண்டிவிடும், அதையும் 400 என்று எண்ணிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு.

9.8-ஐப் பத்தாக்க வீட்டு வாசலில் முன்னும் பின்னும் ஓடாதீர்கள். 9.8 நல்ல எண்தான்.

காலை ஐந்து மணிக்குத் தனியாக ஓடுகிறேன். செயலியில் போடுவதைப் பார்த்து என் கொழுந்தனார், "நம்ம வீட்டுக்கு ஊருக்கே வழி சொல்றீங்க அண்ணி" என்கிறார். அவர் சொல்வது சரியா? நிறுத்திவிடட்டுமா? – மதுரை வாசகி

அவர் சொல்வது சரி. ஆனால் அதற்காக நீங்கள் ஓடுவதையோ எழுதுவதையோ நிறுத்த வேண்டாம் அம்மா.

2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் உலகம் முழுக்க ஓடுபவர்களின் தடங்களைச் சேர்த்து, அதிகம் ஓடும் வழி பளிச்சென்று தெரியும் ஒரு வெப்ப வரைபடம் வெளியிட்டது. அதில் யார் பெயரும் கிடையாது. ஆனாலும் 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்து, ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களில் ஆளில்லாத பாலைவனத்துக்கு நடுவே பளிச்சென்று தெரிந்த கோடுகள் ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுக்கின்றன என்று கண்டுபிடித்தார். வீரர்கள் காலையில் முகாமைச் சுற்றி ஓடியிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது, தினமும் அதே வழியில் ஓடும்போதுதான் தெரிந்துவிடுகிறது. உங்கள் விஷயத்திலும் பயப்பட வேண்டியது அந்தத் "தினமும்" என்பதற்குத்தான்.

செயலியின் அமைப்புகளில் வரைபடத்துக்கென்று ஒரு பகுதி இருக்கும். வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குத் தொடக்கமும் முடிவும் மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைக்கலாம். வரைபடத்தையே முழுசாக மறைத்து நேரமும் தூரமும் மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். யார் பார்க்கலாம் என்பதில் "பின்தொடர்பவர்கள் மட்டும்" என்று மாற்றிவிட்டு, பின்தொடர்பவர் பட்டியலையும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், முகம் தெரியாதவர்களை நீக்குங்கள்.

இவ்வளவும் செய்தபிறகு பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மறைத்த பகுதி மற்றவர்களுக்குத்தான் தெரியாது. உங்கள் போனில் உங்களுக்கு முழு வழியும், தெருமுனையிலிருந்து வாசல் வரை தெரியும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நூற்றைம்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. படம் வேண்டுமானால் வரைபடத்தை வெட்டிவிட்டு எண்களை மட்டும் போடுங்கள், அதிலும் கிளம்பிய நேரத்தை வெட்டிவிடுங்கள். காலை ஓட்டத்தை மாலையில் போட்டாலும் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

வீட்டில் ஒருவருக்கு மட்டும், கணவரோ தங்கையோ, வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை ஒரு மணி நேரத்துக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். இருட்டில் ஓடும்போது காதில் எதுவும் மாட்டாதீர்கள். வாரத்தில் இரண்டு வழியாவது மாற்றுங்கள். அந்தக் கொழுந்தனாருக்கு அவ்வளவு அக்கறை இருந்தால், வாரம் ஒரு நாள் சைக்கிளில் கூட வரச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலையும் அவர் கையில் கொடுத்துவிடலாம்.

நடுநடுவே நடந்தால் அதை ஓட்டம் என்று போடலாமா? – தஞ்சாவூர் வாசகர்

தாராளமாக. ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடக்கும் முறையைப் பரப்பிய ஜெஃப் கேலோவே, 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டருக்காக அமெரிக்க அணியில் இருந்தவர். களைத்துப்போய் நிற்பதற்கு முன்பே நடப்பதுதான் அதன் சூட்சுமம். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் நிமிடத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் பத்து கிலோமீட்டரை 65 நிமிடத்தில் ஓடினேன். ஏப்ரலில் அதே வழி 72 நிமிடம் ஆகிறது, இதயத்துடிப்பும் எகிறுகிறது. ஃபிட்னஸ் போய்விட்டதா? குழுவில் போடவே மனசு வரவில்லை. – வேலூர் வாசகர்

ஃபிட்னஸ் எங்கேயும் போகவில்லை, வெயில் வந்திருக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறும்போது உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக் குளிர்ச்சியாக்கப் பார்க்கிறது. காலுக்கும் ரத்தம் வேண்டும், தோலுக்கும் வேண்டும். அதனால்தான் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. சென்னை, கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், வழிந்து கீழே விழுந்தால் தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் பேஸைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் வைத்து ஓடுங்கள், 50 நிமிடம் என்றால் 50 நிமிடம், தூரம் என்ன வருகிறதோ அது. அக்னி நட்சத்திரம் முடியும் வரைக்கும் ஜனவரி எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம், போன வருஷ மே மாதத்து ஓட்டம் குறித்து வைத்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் கையில் தண்ணீர் வேண்டும். அதற்காக தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

ஒரு விஷயத்தை மட்டும் குழுவில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். கூட ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தன் பெயர், இருக்கும் இடம் கேட்டால் குழம்பினாலோ, அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். வியர்க்கிறதே, அதனால் பயமில்லை என்று நினைக்காதீர்கள், ஓடும்போது வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்வை நிற்க வேண்டும் என்று இல்லை. உடனே நிழலில் படுக்க வைத்து, கிடைக்கிற குளிர்ந்த நீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள், இன்னொருவர் 108-க்குக் கூப்பிடட்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று தண்ணீர் ஊற்றாமல் காத்திருக்கக் கூடாது.

72 நிமிடத்தைப் போடுங்கள். பக்கத்தில் "காலை ஆறு மணிக்கே புழுக்கம்" என்று சேர்த்துப் போடுங்கள். புதிதாக ஓட வந்த யாரோ ஒருவர் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

தெருநாய்கள்? – சேலம் வாசகர்

ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். கண்ணை முறைத்துப் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள், கல்லும் எடுக்காதீர்கள். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம். எல்லாத் தவணையையும் போட்டு முடிக்க வேண்டும். எந்தத் தெருவில் நாய் துரத்துகிறது, எங்கே விளக்கு எரியவில்லை, எங்கே மூடியில்லாத பள்ளம் என்பதைக் குழுவில் உடனுக்குடன் எழுதுங்கள், பேஸைவிட நாலு பேருக்கு உபயோகப்படுவது அதுதான்.

நூறு நாள் தொடர்ச்சியாக ஓடுவதாகக் குழுவில் சொல்லி ஆரம்பித்தேன். 71 நாள் ஆகிவிட்டது. ஒரு வாரமாக முன்னங்கால் எலும்பில் வலி. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி ஸ்ட்ரீக்கை விடாமல் முடித்துவிடலாமா? – தூத்துக்குடி வாசகி

வேண்டாம். இன்றைக்கே நிறுத்துங்கள்.

உட்கார்ந்து, விரல் நுனியால் அந்த எலும்பை மேலிருந்து கீழாக மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட ஆரம்பிக்கும்போது வலித்து உடம்பு சூடானதும் குறைந்தால், பெரும்பாலும் அது ஷின் ஸ்பிளின்ட் (எலும்பை ஒட்டிய பகுதி புண்பட்டு வரும் வலி). கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு தூரத்தைக் குறைத்து மெதுவாகத் திரும்பினால் சரியாகும். விரல் வைக்கும் ஒரே இடத்தில் சுரீர் என்று வலித்தால், அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு முறை துள்ள முடியாவிட்டால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் உடனே நிம்மதியடைந்து ஓடாதீர்கள், இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம், வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேளுங்கள். விரிசலோடு ஓடினால் அது முழு முறிவாகும் வாய்ப்பு உண்டு, அப்புறம் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

தினமும் இரண்டு கிலோமீட்டர்தானே என்பது அந்த எலும்புக்குத் தெரியாது, ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு அதன் மேல் விழுகிறது. எலும்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள ஓடாத நாள் வேண்டும், நீங்கள் 71 நாளாக அதைக் கொடுக்கவே இல்லை.

குழுவில் என்ன சொல்வது என்றுதான் தயங்குகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் தெரிகிறது. இப்படியே எழுதுங்கள்: "72-வது நாள். முன்னங்கால் எலும்பில் ஒரு வாரமா வலி. இன்னைக்கு ஓடலை. டாக்டரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்." மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள், அடுத்த இதழில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.